நிமோனியா பேனல்னா என்ன, ஒரு மணி நேரத்துல வர்ற அந்த ரிப்போர்ட்டை எப்படி புரிஞ்சுக்கிறது

ஐசியூ வாசல்ல உக்காந்திருக்கிற, பேஷன்ட்டோட கூட வந்த அட்டெண்டர்கிட்ட இப்பல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகள்ல கேக்குற ஒரு கேள்வி, "சளியில நிமோனியா பேனல் அனுப்பலாமா, கல்ச்சர் மாதிரி ரெண்டு மூணு நாள் ஆகாது, இன்னைக்கே தெரிஞ்சிரும், ஆனா பல ஆயிரம் ஆகும்"ங்கிறதுதான். அந்த நேரத்துல யாருக்கும் யோசிக்க தெம்பு இருக்காது, சரினு கையெழுத்து போட்டுருவோம், அப்புறம் ரிப்போர்ட் வரும், அதுல வாயில நுழையாத பேரா நாலஞ்சு பாக்டீரியா இருக்கும், பக்கத்துல ஏதோ நம்பர் இருக்கும், கீழ ஏதோ ஜீன் பேர் இருக்கும், உடனே கூகுள் பண்ணி பயந்து போய் உக்காருவோம். அந்த டெஸ்ட் உள்ளுக்குள்ள என்ன பண்ணுது, எதை சொல்லும், எதை சொல்லாதுனு அடிப்படையில இருந்து எழுதலாம்னு இது.

முதல்ல நிமோனியா. நுரையீரல்ல சின்ன சின்ன காத்துப்பைகள் இருக்கும்ல, அதுக்குள்ள கிருமி பூந்து, அதை எதிர்க்க உடம்பு அனுப்புற வெள்ளை அணுக்களும் நீரும் சேர்ந்து அந்த பைகள் நிரம்பிடுது, ஆக்சிஜன் ரத்தத்துக்கு போக வழி குறைஞ்சிடுது. எக்ஸ்ரேல வெள்ளையா ஒரு திட்டு தெரியும். பிரச்சனை என்னன்னா அந்த வெள்ளைத் திட்டுல கிருமியோட பேர் எழுதியிருக்காது. வைரஸா பாக்டீரியாவா, பாக்டீரியானா எது, அதுக்கு எந்த மருந்து கேக்கும், இது எதுவும் படத்தை பாத்து உறுதியா சொல்ல முடியாது. அதனால டாக்டர் என்ன பண்ணுவார், அந்த ஊர்ல, அந்த வயசுல, அந்த நிலைமையில எந்தெந்த கிருமிக்கு வாய்ப்பு அதிகமோ அதையெல்லாம் மூடுற மாதிரி ஒரு ஆன்டிபயாடிக்கை ஆரம்பிச்சிருவார். தப்பில்ல, அப்படித்தான் செய்யணும், கடுமையான நிமோனியால பேர் தெரியிற வரைக்கும் காத்திருந்தா ஆளு இருக்க மாட்டாங்க. ஆனா அது ஒரு யூகம்.

பேர் கண்டுபிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தெரியணும்னா அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையமான சிடிசி நடத்தி 2015ல வெளியான ஒரு பெரிய ஆய்வை பாக்கலாம். நிமோனியாவோட ஆஸ்பத்திரியில சேந்த 2,259 பெரியவங்களுக்கு கல்ச்சர், யூரின் டெஸ்ட், பிசிஆர், ரத்தம்னு எல்லா டெஸ்ட்டையும் போட்டு துருவினாங்க. 62 சதவீதம் பேருக்கு எந்த கிருமியும் சிக்கல. சிக்கினதுலயும் வைரஸ்தான் அதிகம், பாக்டீரியா சிக்கினது மொத்தப் பேர்ல 11 சதவீதம் பேர்கிட்டதான். அவ்வளவு வசதி வச்சுக்கிட்டே இந்த நிலைமைனா சாதாரண வார்டுல என்ன கதினு நீங்களே பாத்துக்கோங்க.

ஏன் சிக்க மாட்டேங்குதுனு புரிய கல்ச்சர் எப்படி நடக்குதுனு பாக்கணும். சளியை எடுத்து ஒரு துளியை கண்ணாடித் தகட்டுல தேச்சு கிராம் ஸ்டெயின் போடுவாங்க. இந்த ஸ்டெயினே நிமோனியால இருந்து வந்ததுதான், 1884ல பெர்லின்ல ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம்ங்கிற டேனிஷ் டாக்டர் நிமோனியால இறந்தவங்களோட நுரையீரல் துண்டுகள்ல பாக்டீரியாவை தனியா தெரிய வைக்கிறதுக்காக கண்டுபிடிச்சது, நூத்தி நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் எல்லா லேப்லயும் தினமும் அதுதான். மிச்ச சளியை ஆட்டு ரத்தம் கலந்த அகர் (கிருமி வளக்குற ஜெல்லி) தட்டு, ரத்தத்தை சூடாக்கி பழுப்பு நிறமான சாக்லேட் அகர் தட்டு (பேர்தான் சாக்லேட், உள்ள ஒரு துளி சாக்லேட் கிடையாது), இதுலயெல்லாம் கோடு இழுத்து 37 டிகிரி இன்குபேட்டர்ல வைப்பாங்க. மறுநாள் காலைல புள்ளி புள்ளியா காலனி வரும். அது என்ன கிருமினு கண்டுபிடிக்கணும், அப்புறம் எந்த மருந்துக்கு சாகுதுனு தனியா பாக்கணும், அதுக்கு இன்னொரு நாள். மொத்தம் ரெண்டு நாள், சில நேரம் மூணு.

அதுவும் வளர்ந்தாத்தான். நிமோனியாவுக்கு பேர்போன கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, சுருக்கமா நிமோகாக்கஸ், தன்னைத்தானே கரைச்சுக்கிற என்சைமை தனக்குள்ளயே வச்சிருக்கு, சாம்பிள் லேப்புக்கு போக லேட்டானாலோ ஏற்கனவே ரெண்டு டோஸ் ஆன்டிபயாடிக் போயிருந்தாலோ செத்து கரைஞ்சு போயிடும், தட்டுல ஒண்ணும் வராது. ஹீமோபிலஸ்னு ஒண்ணு, சாக்லேட் அகர் இல்லாம வளராது. லெஜியோனெல்லா இன்னும் அடம், 1976 ஜூலைல பிலடெல்பியால ஒரு ஹோட்டல்ல முன்னாள் ராணுவ வீரர்கள் மாநாடு நடந்தப்ப 221 பேருக்கு நோய் வந்து 34 பேர் இறந்தாங்க, சிடிசி மாசக்கணக்கா தேடியும் கிருமி கிடைக்கல, ஏன்னா வழக்கமான எந்த தட்டுலயும் அது வளரவே இல்ல, ஜோசப் மெக்டேடுங்கிற விஞ்ஞானி அடுத்த ஜனவரி வாக்குலதான் அதை பிடிச்சார். மைக்கோபிளாஸ்மா வளர வாரக்கணக்கு ஆகும், வளர்ந்து ரிப்போர்ட் வரும்போது பேஷன்ட் வீட்டுல இட்லி சாப்பிட்டுட்டு இருப்பார். அதுல முக்கியமான விஷயம், மைக்கோபிளாஸ்மாவுக்கு செல் சுவரே கிடையாது, அமாக்சிசிலின் செஃப்ட்ரியாக்சோன் மாதிரி மருந்தெல்லாம் செல் சுவரை உடைச்சுத்தான் கொல்லும், சுவரே இல்லாத கிருமிகிட்ட அது என்ன பண்ணும், எவ்வளவு டோஸ் ஏத்தினாலும் பிரயோஜனம் இல்ல, அசித்ரோமைசினோ டாக்சிசைக்ளினோ வேணும். அதனால பேர் தெரிஞ்சா மருந்தே மாறும்.

மாலிகுலர் டெஸ்ட் வர்ற இடம் இதுதான். கிருமியை வளக்க வேண்டாம், உயிரோட இருக்கணும்னுகூட அவசியம் இல்ல, அதோட டிஎன்ஏ சாம்பிள்ல கொஞ்சம் இருந்தா போதும்ங்கிற எண்ணம். கோவிட் நேரத்துல மூக்குல குச்சி விட்டு ஆர்டி-பிசிஆர் எடுக்காதவங்க நம்மள்ல கொஞ்சம் பேருதான் இருப்பாங்க, அதே பிசிஆர்தான் இதுவும். 1983ல கேரி மல்லிஸ் கண்டுபிடிச்சு பத்தே வருஷத்துல நோபல் பரிசு வாங்கின விஷயம். ஒவ்வொரு கிருமிக்கும் அதுக்கு மட்டுமே இருக்கிற ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கும், நிமோகாக்கஸுக்கு மேல சொன்ன தன்னை கரைச்சுக்கிற என்சைமோட ஜீனையே பல லேப்ல அடையாளமா வச்சிருக்காங்க. அந்த துண்டோட ரெண்டு முனையிலயும் மட்டும் ஒட்டிக்கிற மாதிரி குட்டி டிஎன்ஏ செஞ்சு போடுவாங்க, பிரைமர்னு பேர். 95 டிகிரி கிட்ட சூடாக்கினா டிஎன்ஏவோட ரெண்டு இழையும் பிரியும், ஆற விட்டா பிரைமர் போய் ஒட்டும், அப்புறம் ஒரு என்சைம் வந்து மிச்ச இழையை எழுதி முடிக்கும், ஒண்ணு ரெண்டாச்சு. திரும்ப சூடு, திரும்ப ஆறு, ரெண்டு நாலாச்சு. முப்பது தடவை சுத்தினா கணக்குப்படி ஒரு துண்டுல இருந்து 107 கோடி துண்டு. அவ்வளவு சூட்டுல என்சைம் வெந்து போகாதானு கேட்டா, அது அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் பார்க்ல கொதிக்கிற வெந்நீர் ஊத்துல வாழுற பாக்டீரியால இருந்து எடுத்தது, அதுக்கு சூடு பழகின விஷயம்.

கிருமி இருந்தா துண்டு கோடிக்கணக்குல பெருகும், இல்லைன்னா பெருகாது, பெருகினதை ஒளிர்ற சாயம் வச்சு மெஷின் பாத்துக்கும். இதையே ஒரு கிருமிக்கு பதிலா ஒரே நேரத்துல இருபது முப்பது கிருமிக்கு செஞ்சா அதுக்குப் பேர் மல்டிபிளெக்ஸ், அந்த லிஸ்ட்டுக்குப் பேர் பேனல்.

இந்தியாவுல பல ஐசியூக்கள்ல ஓடுறது பயோஃபயர் கம்பெனியோட ஃபிலிம்அரே நிமோனியா பேனல், அதை வச்சே சொல்றேன், ஏன்னா உள்ள நடக்குறது பாக்க அழகா இருக்கும். 2018 நவம்பர்ல அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கொடுத்துச்சு. உள்ளங்கை அளவுல தட்டையா ஒரு பிளாஸ்டிக் பை, அதுக்குள்ள தேவையான கெமிக்கல் எல்லாம் காய வச்சு பொடியா இருக்கும், வெற்றிடம் வேற. டெக்னீசியன் ஒரு பக்கம் தண்ணி மாதிரி ஒரு திரவத்தை குத்தினா பையே தேவையான அளவை உறிஞ்சிக்கும், இன்னொரு பக்கம் சளியை குச்சியில தொட்டு பஃபர்ல கலக்கி குத்தினா அதையும் உறிஞ்சிக்கும். ரெண்டு நிமிஷ வேலை. மெஷின்ல சொருகிட்டா அதுக்கப்புறம் மனுஷன் கைக்கு வேலையே இல்ல. உள்ள குட்டி குட்டி மணிகளோட சேத்து வேகமா குலுக்கும், பாக்டீரியா உடையும், காந்த மணிகள் வந்து டிஎன்ஏவை மட்டும் பிடிச்சுக்கும், மிச்ச குப்பையை கழுவி தள்ளிடும், முதல் சுத்து பிசிஆர் எல்லாத்துக்கும் சேத்து ஒரே அறையில நடக்கும், அந்த கலவையை நீர்க்க வச்சு 102 குட்டிக் குழிகளுக்கு பிரிச்சு விடும், ஒவ்வொரு குழியிலயும் ஒரு குறிப்பிட்ட இலக்குக்கு மட்டும் ரெண்டாவது சுத்து. கடைசியா மெதுவா சூடேத்தி எந்த டிகிரியில இழை பிரியுதுனு பாத்து இது சரியான துண்டுதானானு உறுதி பண்ணிக்கும். எல்லாம் சேத்து ஒரு மணி நேரம் சொச்சம்.

லிஸ்ட்ல மொத்தம் 33 இலக்கு. 18 பாக்டீரியா, 8 வைரஸ் வகை, ஏழு மருந்து எதிர்ப்பு ஜீன். இதுல ஒரு சின்ன விஷயம் சொல்லிடுறேன், அந்த எட்டு வைரஸ்ல "கொரோனாவைரஸ்"னு ஒரு வரி இருக்கும், பாசிட்டிவ்னு வந்தா வீடே அலறும். அது கோவிட் இல்ல, 2019க்கு முன்னாடியே இருந்த, வருஷா வருஷம் ஜலதோஷம் கொடுக்குற பழைய நாலு கொரோனா. கோவிட் வேணும்னா தனியா டெஸ்ட் போடணும்.

இப்ப ரிப்போர்ட்டுக்கு வருவோம், இந்த கட்டுரையில நான் நின்னு பேச விரும்புற இடம் இதுதான். மெஷின் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: இந்த சாம்பிள்ல இன்னாரோட டிஎன்ஏ இருக்கு, இவ்வளவு இருக்கு. இவங்கதான் நிமோனியாவுக்கு காரணம்னு அது சொல்லவே இல்ல. கல்யாண மண்டபத்துல செருப்பு காணாம போச்சுனு சிசிடிவி பாத்தா யார் யார் வாசல்ல நடந்தாங்கனு தெரியும், எடுத்தது யாருனு தெரியாதுல, அந்த மாதிரி. நம்ம தொண்டை, வாய், மூக்குல ஏகப்பட்ட பாக்டீரியா சும்மாவே குடியிருக்கும். நிமோகாக்கஸ், ஹீமோபிலஸ், ஸ்டாஃப் (ஸ்டாஃபிலோகாக்கஸ்) எல்லாம் ஆரோக்கியமான ஆள் தொண்டையிலயும் மூக்குலயும்கூட இருக்கும். வென்டிலேட்டர் குழாய் ஒரு வாரம் இருந்தா அந்த குழாய் மேலயே கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும் சூடோமோனாஸும் படலம் கட்டி உக்காந்துடும், நுரையீரல்ல நோய் இல்லாமயே. சளி வெளிய வர்ற வழியில இவங்க எல்லாரையும் தொட்டுட்டுத்தான் வருது. பிசிஆர் வேற ரொம்ப கூர்மையானது, கொஞ்சம் இருந்தாலும் பிடிச்சிடும். அதனால ரிப்போர்ட்ல நாலு பேர் இருந்தா நாலு கிருமி நுரையீரலை தாக்குதுனு அர்த்தம் எடுத்துக்க வேண்டாம்.

இதை சமாளிக்கத்தான் பக்கத்துல அந்த நம்பர். 15 பாக்டீரியாவுக்கு ஒரு மில்லிலிட்டர்ல ஏறக்குறைய எத்தனை டிஎன்ஏ காப்பி இருக்குனு படி வச்சு சொல்லும்: 10,000, ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி அல்லது அதுக்கு மேல. அதுக்கும் ரொம்ப கீழ இருந்தா இல்லைனே போட்டுரும். ஒரு கிருமி ஒரு கோடி, இன்னொண்ணு 10,000ன்னா பொதுவா டாக்டர் முதல்ல ஒரு கோடி பக்கம்தான் பாப்பார். ஆனா இந்த நம்பரை கல்ச்சர்ல வர்ற காலனி கணக்கோட ஒப்பிடக்கூடாது, டிஎன்ஏ கணக்கு பெரும்பாலும் கூடுதலாத்தான் வரும், செத்த கிருமியும் அதுல சேரும்ல. மிச்ச மூணு பாக்டீரியா, லெஜியோனெல்லா, மைக்கோபிளாஸ்மா, கிளமைடியா நிமோனியே, இதுக்கு நம்பர் கிடையாது, இருக்கு இல்லைதான். இதுல லெஜியோனெல்லா இருக்குனு வந்தா சும்மா குடியிருக்குனு யாரும் விட மாட்டாங்க, அது தொண்டையில சும்மா தங்குற வகை இல்ல.

அப்புறம் சாம்பிள். பல ஆயிரம் ரூபா கொடுத்து டெஸ்ட் பண்ணிட்டு சாம்பிள்ல கோட்டை விடுறது நிறைய நடக்குது. சளி எடுங்கனு டப்பா கொடுத்தா பாதிப் பேர் எச்சில் துப்பி கொடுப்பாங்க. லேப்ல நல்லா பாக்குறவங்க முதல்ல கிராம் ஸ்டெயின் தகட்டை மைக்ரோஸ்கோப்ல குறைஞ்ச பெரிதாக்கத்துல வச்சு பாப்பாங்க. கன்னத்தோட உள்பக்கத் தோல் செல் பெருசா, தட்டையா, நடுவுல ஒரு சின்ன புள்ளியோட அப்பளம் மாதிரி கிடக்கும். ஒரு பார்வையில அது பத்துக்கு மேல இருந்து, சீழ் செல் 25க்கு கீழ இருந்தா இது எச்சில், நுரையீரல்ல இருந்து வந்தது இல்லைனு திருப்பி அனுப்பணும். பிசிஆர் மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எச்சிலை போட்டாலும் ஒரு மணி நேரத்துல அழகா ரிப்போர்ட் அடிச்சு கொடுத்துரும், வாயில இருந்த கிருமி லிஸ்ட். அதனால காலைல எழுந்து வாயை வெறும் தண்ணியில கொப்பளிச்சுட்டு, நல்லா மூச்சை இழுத்து ஆழமா இருமி வர்ற கட்டிச் சளிதான் வேணும். ஐசியூல குழாய் போட்டவங்களுக்கு குழாய் வழியா உறிஞ்சி எடுப்பாங்க, இல்லைன்னா பிரான்கோஸ்கோப் விட்டு சலைன் ஊத்தி நுரையீரல்ல இருந்தே கழுவி எடுப்பாங்க, பால் (BAL)னு சொல்றது இதைத்தான். பால்ல கிடைச்சதுக்கு மதிப்பு ஜாஸ்தி.

அடுத்தது அந்த ஜீன் பேர்கள், நம்ம நாட்டுல இதுதான் பேனலோட உயிர்னு நான் நினைக்கிறேன். மெக்-ஏ இருந்தா ஸ்டாஃப் வழக்கமான பென்சிலின் வகைக்கு அடங்காது, எம்ஆர்எஸ்ஏனு சொல்றது இந்த ஸ்டாஃபைத்தான். சிடிஎக்ஸ்-எம் இருந்தா செஃப்ட்ரியாக்சோன் வகை வேலைக்கு ஆகாது. கேபிசி, என்டிஎம், ஆக்ஸா-48, விம், இம்ப், இந்த அஞ்சும் ஐசியூல போடுற பெரிய ஆன்டிபயாடிக்கான மெரோபெனத்தையே தூக்கி சாப்பிடுற என்சைமோட ஜீன்கள். இதுல என்டிஎம் உலகத்துக்கு தெரிய வந்ததுல சென்னைக்கு பங்கு இருக்கு. ஸ்வீடன்ல ஒரு பேஷன்ட்கிட்ட முதல்ல கண்டுபிடிச்சாங்க, அவர் அதுக்கு முன்னாடி டெல்லியில சிகிச்சை எடுத்தவர், பேர்லயே டெல்லி இருக்கு, என்டிஎம்ல வர்ற என்டி நியூ டெல்லிதான். அப்புறம் 2010ல லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ் இதழ்ல வந்த பெரிய கட்டுரையோட முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்துல இருந்த கார்த்திகேயன் குமாரசாமி, சென்னை ஹரியானா சாம்பிள்கள் அதுல இருந்துச்சு. அப்ப பேரை பத்தி பெரிய அரசியல் சண்டையெல்லாம் நடந்துச்சு, கிருமி அது பாட்டுக்கு பரவிட்டு இருந்துச்சு.

ஜீன் தெரிஞ்சா என்ன லாபம்? ஒரு உதாரணம். வென்டிலேட்டர்ல இருக்கிற ஒருத்தருக்கு கிளெப்சியெல்லா ஒரு கோடினு வருது. கூட ஆக்ஸா-48 மட்டும் இருந்தா செஃப்டாசிடிம்-அவிபாக்டம்னு ஒரு விலை கூடின மருந்து நல்லா கேக்கும். அதுவே என்டிஎம் இருந்தா அந்த மருந்து தனியா போட்டா பணம்தான் போகும், கூட அஸ்ட்ரியோனம் சேக்கணும், ரெண்டும் சேந்தாத்தான் வேலை செய்யும். இந்த ஒரு முடிவை கல்ச்சருக்கு காத்திருந்து எடுத்தா மூணாவது நாள், பேனல்ல அன்னைக்கே. ஐசியூல அந்த ரெண்டு நாள் எவ்வளவு பெருசுனு உள்ள இருந்தவங்களுக்கு தெரியும்.

ஆனா இதுலயும் ஓட்டை இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கணும். கிளெப்சியெல்லா, ஈகோலை ரெண்டும் இருக்கு, கூட என்டிஎம் ஜீனும் இருக்குனு வந்தா அந்த ஜீன் யாரோடதுனு மெஷின் சொல்லாது, எல்லாத்தையும் உடைச்சு கலக்கிட்டுத்தானே படிக்குது. இன்னொண்ணு இதைவிட பெருசு. நம்ம ஐசியூக்கள்ல அசினெட்டோபாக்டர் ரொம்ப சகஜம், அது மெரோபெனத்தை எதிர்க்க பெரும்பாலும் வச்சிருக்கிற ஜீன் ஆக்ஸா-23. இந்த பேனல்ல இருக்கிறது ஆக்ஸா-48தான், 23 லிஸ்ட்லயே இல்ல. அதனால "அசினெட்டோபாக்டர் இருக்கு, எதிர்ப்பு ஜீன் எதுவும் இல்லை"னு ரிப்போர்ட் வந்தா, ஆஹா மெரோபெனம் கேக்கும்னு நினைச்சா மாட்டிக்குவோம். சூடோமோனாஸும் அப்படித்தான், அது ஜீனே வாங்காம தன் சுவர்ல மருந்து நுழையிற வாசலை மூடிக்கும், உள்ள வந்ததை பம்ப் வச்சு வெளிய தள்ளும், இதெல்லாம் பேனலுக்கு தெரியவே தெரியாது. ஜீன் இருக்குனா மருந்து கேக்காதுனு நம்பலாம், ஜீன் இல்லைனா மருந்து கேக்கும்னு நம்பக்கூடாது. இதனாலதான் பேனல் அனுப்பினாலும் கூடவே கல்ச்சரும் கண்டிப்பா போகணும், எந்த மருந்துக்கு உண்மையிலயே சாகுதுனு தட்டுல வளத்து பாக்குறது கல்ச்சர்தான்.

லிஸ்ட்ல இல்லாதவங்க பத்தி. டிபி இந்த பேனல்ல கிடையாது. நிமோனியா பேனல் நெகட்டிவ், அப்ப டிபி இல்லைனு யாராவது சொன்னா அது தப்பு. டிபிக்கு தனி மாலிகுலர் டெஸ்ட் இருக்கு, 2010 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்ச ஜீன்எக்ஸ்பர்ட், நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல சிபிநாட்னு சொல்வாங்க, ரெண்டு மணி நேரத்துல டிபி இருக்கானும் டிபியோட முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேக்குமானும் சொல்லிரும். கோவால இருக்கிற மோல்பயோ கம்பெனி செஞ்ச ட்ரூநாட் பேட்டரியிலயே ஓடும், கரண்ட் போனாலும் கவலையில்ல, சின்ன ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் போயிருக்கு. அரசு பக்கம் இது ரெண்டும் இலவசம். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், எடை குறைவு, ராத்திரி வேர்வைனா பல ஆயிரம் பேனலை விட இந்த இலவச டெஸ்ட்தான் முதல்ல.

இன்னொரு ஆள் மெலியாய்டோசிஸ் கிருமி, பர்கோல்டேரியா சூடோமாலி. மண்ணுலயும் தேங்கின தண்ணியிலயும் இருக்கும், மழைக்காலத்துல சுகர் இருக்கிறவங்களை கடுமையா தாக்கும், வேலூர் பக்கமும் கர்நாடகா கடலோரமும் நிறைய பதிவாகியிருக்கு. அதுவும் பேனல்ல இல்ல. கல்ச்சர்ல வந்தாக்கூட பழகாத லேப்ல ஏதோ சூடோமோனாஸ்னு ஒதுக்கிடுவாங்க. வயல் வேலை செய்றவர், சுகர் பேஷன்ட், மழைக்கு அப்புறம் நிமோனியா, பேனல் சுத்தமா நெகட்டிவ்னா இதை யோசிக்கச் சொல்லி டாக்டர்கிட்ட அந்த வேலை விவரத்தை சொல்லிடுறது நல்லது, மறக்காம.

சரி, இவ்வளவு பேசுறோமே, நிஜமா பிரயோஜனம் இருக்கா? கண்டுபிடிக்கிறதுல சந்தேகமே இல்ல. எடின்பரோல 323 பேருக்கு செஞ்சு 2016ல வெளியான ஆய்வுல கல்ச்சர் 39 சதவீதம் பேர்கிட்ட கிருமியை காட்டுச்சு, மாலிகுலர் டெஸ்ட் 87 சதவீதம் பேர்கிட்ட. அதுல 85 சதவீதம் பேர் சாம்பிள் எடுக்கும் முன்னாடியே ஆன்டிபயாடிக் வாங்கினவங்க, கல்ச்சர் தோத்ததுக்கு அதுவும் ஒரு காரணம். சிகிச்சை மாறுதானு பாத்தா, ஸ்விட்சர்லாந்துல பாசல்ல 208 பேரை ரெண்டு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு மட்டும் பால் சாம்பிள்ல பேனல் போட்டு 2022ல வெளியிட்டாங்க, பொருந்தாத ஆன்டிபயாடிக் ஓடின நேரம் வழக்கமான பக்கம் சராசரியா 86 மணி நேரம், பேனல் பக்கம் 47 மணி நேரம்தான்.

ஆனா அடுத்து வந்த இங்கிலாந்து ஆய்வு, இன்ஹேல்னு பேர், 14 ஐசியூல ஐநூறு பேருக்கு மேல, 2025ல வெளியாச்சு, அது கொஞ்சம் யோசிக்க வைக்குது. பேனல் பக்கம் ஆன்டிபயாடிக் தேர்வு தெளிவா மேம்பட்டுச்சு. ஆனா குணமானவங்க கணக்குல பேனல் பக்கம் 57 சதவீதம், வழக்கமான பக்கம் 64, 65. குணமாகுறதுல பேனல் வழக்கமான சிகிச்சைக்கு குறைஞ்சது இல்லைனு நிரூபிக்கிறதும் ஆய்வோட ஒரு முக்கிய நோக்கம், அதை நிரூபிக்க முடியல. பேனலால ஆளுக்கு கெடுதல்னு இதுக்கு அர்த்தம் இல்ல, ஆனா சரியான மருந்து சீக்கிரம் தெரிஞ்சா தானா எல்லாரும் பிழைப்பாங்கனு விளம்பரத்துல வர்ற கணக்கு அவ்வளவு சுலபமா ஒத்துவரலங்கிறது உண்மை. எனக்கென்னமோ இந்த டெஸ்ட்டோட பெரிய பலன் எதை ஆரம்பிக்கிறதுங்கிறதுல இல்ல, எதை நிறுத்துறதுங்கிறதுலதான்னு தோணுது. எம்ஆர்எஸ்ஏ இல்லைனு வந்தா அதுக்காக ஓடுற வான்கோமைசினை நிறுத்தலாம், கிட்னிக்கு நல்லது. மூக்குல எடுக்குற சாதாரண எம்ஆர்எஸ்ஏ பிசிஆர் நெகட்டிவ்னாகூட 96 சதவீதத்துக்கு மேல எம்ஆர்எஸ்ஏ நிமோனியா இல்லைனு சொல்லலாம், அது விலையும் கம்மி.

எல்லாருக்கும் இது வேணுமானா வேண்டாம். காய்ச்சல், இருமல், எக்ஸ்ரேல சின்ன திட்டு, ஆக்சிஜன் நல்லா இருக்கு, நடந்து வந்து நடந்து போற பேஷன்ட்டுக்கு இதை போடுறது காசை கரியாக்குற வேலை. அவங்களுக்கு சளி கல்ச்சர்கூட வழக்கமா தேவையில்லைனுதான் 2019 அமெரிக்க வழிகாட்டுதலே சொல்லுது. ஐசியூல இருக்கிறவங்க, வென்டிலேட்டர்ல புதுசா காய்ச்சல் வந்தவங்க, கீமோ எடுக்குறவங்க, கிட்னி மாத்தினவங்க, ஆரம்பிச்ச மருந்துக்கு மூணு நாளாகியும் அசையாதவங்க, இவங்களுக்குத்தான் இது.

நீங்க அட்டெண்டரா இருந்தா டாக்டர்கிட்ட தயங்காம கேக்கலாம்: சார், கூடவே கல்ச்சரும் போகுதா, டிபி டெஸ்ட் தனியா அனுப்பியாச்சா, இந்த ரிசல்ட் எப்படி வந்தா மருந்தை மாத்துவீங்க? மூணாவது கேள்விக்கு "எப்படி வந்தாலும் இதே மருந்துதான்"னு பதில் வந்தா அந்த டெஸ்ட்டுக்கு அவசரமே இல்ல. ராத்திரி ரிப்போர்ட் வந்தா யார் பாப்பாங்கனும் கேட்டு வச்சுக்கோங்க, ஒரு மணி நேரத்துல வந்த ரிப்போர்ட் காலைல ரவுண்ட்ஸ் வரைக்கும் கம்ப்யூட்டர்லயே கிடந்தா வேகத்துக்கு கொடுத்த காசு வீண்.

ஆள் தேறிட்டு வரும்போது கிருமி போயிருச்சானு பாக்க திரும்ப பேனல் போடலாமானு சிலர் கேப்பாங்க. வேண்டாம். செத்த பாக்டீரியாவோட டிஎன்ஏ சளியில பல நாள் இருக்கும், பாசிட்டிவ்னுதான் வரும், நல்லா இருக்கிறவருக்கு இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் ஏறும். காய்ச்சல் இறங்குதா, ஆக்சிஜன் தேவை குறையுதா, சாப்பிடுறாரா, இதை வச்சுத்தான் டாக்டர் முடிவு பண்ணுவார்.